ஈரத்தின் இருப்பிடம்

உலர்ந்தது என்று கையில் எடுக்கும் எந்தப் பொருளிலும் சிறிதளவு நீர் எஞ்சியே இருக்கிறது. நல்ல தேயிலையில் நூற்றுக்கு 3 பங்கு நீர் உண்டு. நன்கு காய்ந்த கொப்பறாவில் 6 பங்கு; களஞ்சியத்தில் சேர்த்து வைக்கத்தக்க நெல்லில் 13 அல்லது 14 பங்கு; நூற்கும் பஞ்சில் ஏறத்தாழ 8 பங்கு. இந்த நீர் அப்பொருள்களுக்குக் குற்றமன்று, அவற்றின் இயல்பு. அளவு சற்றுக் கூடினால் பூஞ்சணம் பிடிக்கும். சற்றுக் குறைந்தால் நூல் அறும், அரிசி நொறுங்கும், தேயிலை தூளாகும். ஆதலின் உலர்த்துதல் என்பது நீரை முற்றாகப் போக்கும் தொழிலன்று. எவ்வளவு நீரை விட்டுவைப்பது என்று அறியும் தொழிலாகும். அந்த அறிவைத் தேடி மனிதன் நடந்து வந்த வழி மிக நீண்டது. அவ்வழியின் ஒரு முனை கொட்டாஞ்சேனையின் கிட்டங்கிகளில் இருக்கிறது. மறுமுனை ஒரு காந்தத்தின் வடக்கு தெற்கு முனைகளுக்கு நடுவே இருக்கிறது.

கொழும்புத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்கு 1875ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆந் திகதி வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். பத்தாண்டுகளில் அவ்வேலை நிறைவுற்றது. அதுவரை காலித் துறைமுகத்தை நாடிச் சென்ற கப்பல்கள் கொழும்புக்கு வரத் தொடங்கின. மலைநாட்டுத் தேயிலையும், மேற்குக் கரையோரத்துத் தென்னந்தோட்டங்களின் கொப்பறாவும், கறுவாவும், பின்னர் இறப்பரும் இங்கு வந்து குவிந்தன. துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனை முதலிய பகுதிகளில் கிட்டங்கிகளும் எண்ணெய் ஆலைகளும் வண்டிப்பேட்டைகளும் பெருகின. அங்கே ஒவ்வொரு மூட்டையும் விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவே ஒரே ஒரு வினாவை எழுப்பிற்று: இதில் பொருள் எவ்வளவு, நீர் எவ்வளவு?

அந்த வினாவுக்கு விடை கூறக் கருவி எதுவும் இருக்கவில்லை. கையும் கண்ணும் காதும் பல்லுமே கருவிகளாயின. கொப்பறா வியாபாரி ஒரு துண்டை எடுத்து இரு கையாலும் ஒடிப்பார். ‘படார்’ என்று ஒடிந்தால் காய்ந்தது. இறப்பரைப் போல வளைந்தால் ஈரம். நெல் வாங்குபவர் ஒரு மணியைப் பல்லிடை வைத்துக் கடித்து, அது உடையும் ஓசையைக் கேட்பார். தேயிலைத் தொழிற்சாலையில் வாடிய கொழுந்தை உள்ளங்கையில் இறுகப் பிடித்து விடுவர். பிடித்த உருண்டை குலையாது நின்றால் பதம் வந்துவிட்டது என்பர். இவை கேலிக்குரிய முறைகளல்ல. பல்லாண்டுப் பழக்கத்தால் கூர்மை பெற்ற விரல்கள் ஈரத்தை வியக்கத்தக்க நுட்பத்துடன் மதிப்பிட்டன. ஆயினும் அந்த நுட்பம் ஒருவரது விரலிலிருந்து மற்றொருவரது விரலுக்கு மாறத்தக்கதன்று. வாங்குபவரது கை ஈரம் என்று சொல்ல, விற்பவரது கை காய்ந்தது என்று சொன்னால், வழக்கைத் தீர்க்க மூன்றாவது கை ஏது?

அந்த வழக்கில் பணம் இருந்தது. கணக்கை எளிதாகப் பார்க்கலாம். நூற்றுக்கு 6 பங்கு நீருள்ள 100 கிலோ கொப்பறாவில் 94 கிலோ உலர்ந்த பருப்பு உண்டு. அதே 94 கிலோ பருப்பு நூற்றுக்கு 10 பங்கு நீருடன் வந்தால் மூட்டையின் நிறை 104 கிலோவைத் தாண்டும். மேலதிகமான 4 கிலோவும் வெறும் நீர். அதை அறியாமல் வாங்குபவர் நீருக்கு விலை கொடுக்கிறார். அதை அறிந்ததாகச் சொல்லி வாங்குபவர் மூட்டைக்கு ஐந்து கிலோ கழித்தாலோ, உண்மையிலேயே காயவைத்துக் கொணர்ந்த சிறு தோட்டக்காரர் தம் உழைப்பை இழக்கிறார். அளக்க இயலாத ஈரம் எப்போதும் வலியவன் பக்கமே சாயும்.

உயிரும் அதில் இருந்தது. 1960இல் இங்கிலாந்தில் பல்லாயிரக்கணக்கான வான்கோழிகள் காரணந் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்தபோது அவற்றின் தீனியிலிருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சணம் வளர்ந்து நஞ்சை உண்டாக்கியிருந்தமை தெரிய வந்தது. அந்நஞ்சே அபிளாதொட்சின். ஈரலை வருத்தி, நாளடைவில் புற்றுநோய்க்கும் காரணமாகும் இந்நஞ்சு, சரியாக உலராத நிலக்கடலை, சோளம், கொப்பறா ஆகியவற்றில் தோன்றக்கூடியது. மூட்டையின் சராசரி ஈரம் சரியாக இருந்தாலும் போதாது. நடுவிலே ஈரம் தங்கிய சில துண்டுகள் இருந்தாலே பூஞ்சணத்துக்குப் போதும். இங்கேதான் பழைய வினாவுடன் புதியதொரு வினாவும் சேர்கிறது. நீர் எவ்வளவு என்பது மட்டுமன்று. அது எங்கே இருக்கிறது என்பதும் அறியப்பட வேண்டும்.

கிட்டங்கிக்கு வந்த பொருள்களுள் ஒன்று மட்டும் இரண்டாம் வினாவுக்குத் தானே விடை கூறிற்று. அதுதான் இறப்பர்த் தகடு. 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டன் வழியாக இலங்கைக்கு வந்து, கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பெற்ற கன்றுகளின் வழித்தோன்றல்கள் தந்த இறப்பர் அது. புகையில் உலர்த்திய தகட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், காய்ந்த பகுதி தேன்நிறத்தில் ஒளியை விடும். காயாத பகுதி வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். வாங்குபவரும் விற்பவரும் ஒரே தகட்டைப் பார்த்து, ஒரே புள்ளியைச் சுட்டிக்காட்டலாம். அங்கே வழக்கில்லை. தேயிலையும் கொப்பறாவும் நெல்லும் செங்கல்லும் இவ்வாறு ஒளியை விடுவனவல்ல. அவற்றின் உள்ளே காணத்தக்க வேறோர் ஒளியைத் தேட வேண்டியதாயிற்று.

தேயிலையின் கதை, உலர்த்துதல் எவ்வாறு கைத்தொழிலிலிருந்து பொறித்தொழிலாயிற்று என்பதைக் காட்டும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1873இல் 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்குச் சென்றது. அக்காலத்தில் இலையைக் கையால் உருட்டி, கரியடுப்பின் மேல் தட்டுகளில் பரப்பி உலர்த்தினர். 1870களின் பிற்பகுதியில் சாமுவேல் டேவிட்சன், சூடான காற்றைத் தட்டுகளின் ஊடே செலுத்தும் ‘சிரொக்கோ’ என்னும் உலர்த்தியை அமைத்தார். 1883ஆம் ஆண்டு ஜூலை 30ஆந் திகதி கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றது. ஏலத்தில் வந்தவர்கள் நிறத்தையும் மணத்தையும் சுவையையும் பார்த்தார்கள். எனினும் பறித்த கொழுந்தில் முக்காற் பங்குக்கு மேலிருக்கும் நீரை நூற்றுக்கு மூன்றாகக் குறைத்த உலர்த்தியே அம்மணத்தையும் சுவையையும் காத்தது. உலர்த்தல் மிகையானால் சுவை கருகும். குறைந்தால் பெட்டிக்குள்ளேயே தேயிலை கெடும். 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தோன்றிய பின், இவ்வகை நுட்பங்கள் முறையான ஆய்வுக்கு உட்பட்டன.

நகரின் தென்புறத்தே வெள்ளவத்தையில் வேறொரு தொழில் ஈரத்துக்கு வேறொரு முகத்தைக் காட்டிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் நிறுவப்பெற்ற வெள்ளவத்தை நூற்பு நெசவாலை, 1933ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தால் தொழிலாளர் வரலாற்றிலும் இடம்பெற்றது. அந்த ஆலை இன்று இல்லை. அந்நிலத்தில் ஹவ்லொக் சிற்றி என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்துள்ளது. பஞ்சாலையில் நீர் பகையன்று, துணை. காற்று வறண்டால் நூல் அறும்; ஆதலின் நூற்பறைகளில் ஈரலிப்பைக் குறையாமல் காப்பது ஆலைத் தொழிலின் விதி. பஞ்சு வணிகத்திலும் ஈரத்துக்கு ஓர் ஒப்பந்தம் உண்டு. 100 பங்கு உலர்ந்த பஞ்சுக்கு எட்டரைப் பங்கு நீர் நியாயமானது என்று கொள்வர். நீரை ஏற்றுக்கொண்டே விலை பேசும் இந்த வழக்கம், நீரை அளக்கும் முறை ஒன்றில் இரு சாராரும் நம்பிக்கை வைத்த பின்னரே நிலைபெற முடிந்தது.

அந்த நம்பிக்கைக்குரிய முறை அடுப்புமுறை. பொருளில் சிறிதளவை எடுத்து நிறுக்க வேண்டும். பின்னர் நூறு பாகைக்குச் சற்று மேற்பட்ட வெப்பத்தில் மணிக்கணக்காக வைத்து, மறுபடி நிறுக்க வேண்டும். குறைந்த நிறையே நீர். ஆய்வுகூடங்களில் இன்றும் இதுவே பிறவற்றைச் சரிபார்க்கும் அடிப்படை. ஆனால் இதற்கு மூன்று குறைகள் உண்டு. முதலாவது, விடை வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் வண்டி போய்விடும். இரண்டாவது, சோதித்த பொருள் அழிந்துவிடும். அதே துண்டு நாளை எவ்வாறு உலரும் என்று பார்க்க இயலாது. மூன்றாவது, அடுப்பு சராசரியை மட்டுமே சொல்லும். துண்டின் தோலில் நீர் இல்லை, நடுவில் நிறைய உண்டு என்பதை அது ஒருபோதும் சொல்லாது. மின்னோட்டத்தைச் செலுத்தி ஈரத்தை அறியும் சிறு கருவிகள் பின்னர் வந்தன. அவை விரைவானவை, ஆயினும் முள் தொடும் இடத்தின் செய்தியையே பெரிதும் கூறுவன.

உள்ளும் புறமும் ஒன்றாக உலருவதில்லை என்பதை விஞ்ஞானிகள் முன்னரே உணர்ந்திருந்தனர். அமெரிக்கப் பொறியியலாளர் தோமஸ் ஷெர்வூட் 1929இல் திண்பொருள்கள் உலருவதைப் பற்றி வெளியிட்ட ஆய்வுகள் இத்துறையின் அடித்தளங்களுள் ஒன்றாகும். ஈரமான பொருள் ஒன்றைக் காற்றில் வைத்து நேரத்துக்கு நேரம் நிறுத்தால், முதலில் அது ஒரே வேகத்தில் நீரை இழக்கிறது. அப்போது உள்ளிருந்து நீர் நுண்துளைகளின் வழியே மேற்பரப்புக்கு இடையறாது வந்துகொண்டிருக்கிறது. குளத்து நீர் ஆவியாவதைப் போலவே மேற்பரப்பு ஆவியாகிறது. ஒரு கட்டத்தில் வேகம் திடீரெனத் தளர்கிறது. உள்ளிருந்து வரும் நீர் வெளியே போகும் நீருக்கு ஈடுகொடுக்க முடியாத நிலை அது. அவ்வேளையில் வெப்பத்தை மேலும் கூட்டினால் தோல் இறுகி, நடுவிலுள்ள நீரைச் சிறைப்படுத்திவிடும். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்களே, அதுபோல வெளியே உலர்ந்தும் உள்ளே உலராத நிலை. தராசு வேகத்தைச் சொல்லும். நீர் பின்வாங்கிய எல்லை எங்கே என்பதை அதனாற் சொல்ல முடியாது.

வெள்ளவத்தையின் கடலோர வீடுகளில் வாழ்வோர் இந்த மறைந்த எல்லையைத் தம் சுவர்களில் கண்டிருப்பர். புகையிரதப் பாதைக்கு அப்பாலிருந்து வரும் காற்று உப்பைச் சுமந்து வருகிறது. உப்பு கலந்த மணலாற் கட்டிய சுவரிலும் உப்பு உண்டு. சுவருக்குள்ளிருக்கும் நீர் எந்த ஆழத்தில் ஆவியாகிறதோ, அந்த ஆழத்திலேயே உப்பு படிகமாகும். மேற்பரப்பில் ஆவியானால் வெண்மையாகப் பூக்கும்; துடைத்துவிடலாம். சாந்துக்குப் பின்னால் ஆவியானால், படிகங்கள் வளர்ந்து சாந்தையே தள்ளிப் பெயர்க்கும். மேலும், கறியுப்பு நூற்றுக்கு 75 பங்குக்கு மேற்பட்ட ஈரலிப்பில் காற்றிலிருந்தே நீரை ஈர்த்துக் கரையும். கொழும்பின் காற்று பெரும்பாலும் அவ்வளவைத் தாண்டியது. ஆதலாற்றான் மழையில்லாத நாளிலும் அச்சுவர்கள் வியர்க்கின்றன. இங்கும் வினா அதுவே: நீர் எந்த ஆழத்தில் நிற்கிறது? சுவரை இடித்துப் பார்த்தால் விடை கிடைக்கும், சுவர் இராது.

பொருளை உடையாமல் உள்ளிருக்கும் நீரை விசாரிக்கும் வழி, உலர்த்துதலைப் பற்றி எண்ணாத இரு ஆய்வுகூடங்களில் பிறந்தது. 1945ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் எட்வேட் பர்செல், ஹென்றி டொரி, ரொபேட் பவுண்ட் ஆகிய மூவரும், அண்டக் கதிர் ஆய்வுக்காக அமைந்திருந்த பழைய காந்தமொன்றின் நடுவே மெழுகை வைத்து வானொலி அலையைச் செலுத்தினர். காந்தப் புலத்தின் ஒரு குறிப்பிட்ட வலிமையில் மெழுகு அந்த அலையைச் சிறிது உறிஞ்சிற்று. அதே காலத்தில் ஸ்ரான்பேட் பல்கலைக்கழகத்தில் பீலிக்ஸ் புளொக், வில்லியம் ஹான்சன், மார்ட்டின் பக்கார்ட் ஆகியோர் நீரை வைத்து அதே விந்தையைக் கண்டனர். இதற்கே கருக் காந்தப் பரிவு என்று பெயர். பர்செலும் புளொக்கும் 1952இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

வானொலி நேயர்களுக்கு இதன் உட்பொருளை விளக்குவது எளிது. பெட்டியின் குமிழைத் திருகும்போது, ஓரிடத்தில் மட்டும் நிலையத்தின் குரல் தெளிவாக எழும். பெட்டியின் மீடிறனும் நிலையத்தின் மீடிறனும் ஒன்றாகும் இடம் அது, அதுவே பரிவு. நீரின் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் இரண்டு ஐதரசன் அணுக்கள் உண்டு. ஐதரசனின் கரு சிறியதொரு காந்தம். அது பம்பரம்போலச் சுழல்கிறது. காந்தப் புலத்தில் வைத்தால், தலையாட்டும் பம்பரம்போல் ஒரு குறித்த மீடிறனில் தலையாட்டும். புலம் ஒரு தெஸ்லாவாயின் அம்மீடிறன் வினாடிக்கு 4 கோடியே 25 இலட்சத்துக்குச் சற்று மேல். புலத்தைப் பாதியிலும் குறைத்து 0.36 தெஸ்லாவாக்கினால், சிற்றலை வானொலியின் 19 மீற்றர் அலைவரிசைக்கே அது வந்துவிடும். அதே மீடிறனுள்ள அலையைச் சிறிது நேரம் செலுத்தி நிறுத்தினால், கருக்கள் மிக மெல்லிய குரலில் மறுமொழி கூறும். இங்கே கரு என்பது அணுவின் மையத்தையே குறிக்கும். அணுகுண்டுக்கும் கதிரியக்கத்துக்கும் இதில் இடமில்லை. பொருள் எவ்வித ஊறுமின்றி வைத்தபடியே இருக்கும்.

அந்த மெல்லிய குரலில் மூன்று செய்திகள் அடங்கியிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்க விஞ்ஞானிகளுக்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டு பிடித்தது.

முதற் செய்தி, எவ்வளவு என்பது. குரலின் உரப்பு ஐதரசன் கருக்களின் தொகையைப் பொறுத்தது. திண்பொருளிலுள்ள கருக்களின் குரல் பரந்து மங்கிப்போகும். நீரிலுள்ளவற்றின் குரலோ குறுகிய கூர்மையுடன் எழும். ஆதலின் காய்கறியின் நாருக்கும் அதிலுள்ள நீருக்கும் வேறுபாடு காணலாம். இதைப் பயன்படுத்தி, கலிபோர்ணியாவின் அல்பனியிலிருந்த அமெரிக்க விவசாயத் திணைக்கள ஆய்வுகூடத்தில் ரி. எம். ஷோ, ஆர். எச். எல்ஸ்கன் என்போர், நீரை உறிஞ்சும் பொருள்களில் பரிவைப் பற்றி 1950இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பின்வந்த ஆண்டுகளில் உணவுப்பொருள்களின் ஈரத்தையும், உருளைக்கிழங்கு, அப்பிள் ஆகியவற்றின் நீரையும் அவர்கள் அளந்தனர். பரிவு கண்டறியப்பட்டு ஐந்தே ஆண்டுகளில் அது உழவனின் விளைபொருளைத் தேடி வந்தது குறிப்பிடத்தக்கது.

இரண்டாம் செய்தி, எந்நிலையில் என்பது. செலுத்திய அலையை நிறுத்திய பின் குரல் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதில் இது அடங்கும். நிக்கலஸ் புளூம்பெர்கன், பர்செல், பவுண்ட் ஆகியோர் 1948இல், மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக அசைகின்றன என்பதற்கும் குரலின் ஆயுளுக்கும் உள்ள தொடர்பை விளக்கினர். இர்வின் ஹான் 1950இல் கண்ட எதிரொலி முறை, அந்த ஆயுளைச் செம்மையாக அளக்க வழி செய்தது. கிண்ணத்து நீரின் குரல் சில வினாடிகள் நீடிக்கும். நுண்துளையின் சுவரோடு ஒட்டிய நீரின் குரல் வினாடியின் ஆயிரத்திலொரு கூறுகளாகச் சுருங்கும். உறைந்து கிடக்கும் திண்பொருளின் குரல் அதனினும் மிக விரைவாக அடங்கும். ஒரு பொருள் உலருந்தோறும் முதலில் தாராளமாக உலவும் நீர் போகிறது. இறுக்கமாகப் பற்றிய நீர் கடைசிவரை நிற்கிறது. தராசு இவ்விரண்டையும் ஒன்றாகவே நிறுக்கும். காந்தமோ பிரித்துக் கேட்கும். எண்ணெயையும் நீரையும் பிரிக்கவும் இதுவே வழி. புதுடில்லியிலுள்ள இந்திய விவசாய ஆராய்ச்சி நிறுவனத்தில் பி. என். திவாரி, பி. என். காம்பீர், டி. எஸ். ராஜன் ஆகியோர், விதையைச் சிதைக்காமலே அதன் எண்ணெயை அறியும் விரைவான முறையை 1974இல் வெளியிட்டனர். எண்ணெய் வித்துக்களின் எண்ணெயையும் நீரையும் பரிவினால் ஒருங்கே அளக்கும் முறை, பிற்காலத்தில் சர்வதேச நியமமாகவும் ஏற்கப்பட்டது. கொட்டாஞ்சேனையில் கொப்பறாவை ஒடித்துக் கேட்ட அதே வினாவுக்கு, ஒடிக்காமல் கிடைத்த விடை அது.

தென்னிந்தியாவும் இக்கதையில் முன்னரே இடம்பெற்றிருந்தது. பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞான நிறுவனத்தில் ஜி. சூர்யன் என்பார், ஓடும் திரவத்தில் பரிவின் குரல் எவ்வாறு மாறுகிறது என்பதை 1951இல் ஆராய்ந்து வெளியிட்டார். நின்ற நீரை மட்டுமன்றி, அசையும் நீரையும் காந்தம் இனங்காணும் என்று காட்டிய முன்னோடி ஆய்வுகளுள் அது ஒன்று.

மூன்றாம் செய்தி, எங்கே என்பது. இதுவே யாவற்றிலும் அரியது. கடைசியில் கிடைத்ததும் இதுவே. காந்தப் புலம் எங்கும் சமமாக இருந்தால் எல்லாக் கருக்களும் ஒரே மீடிறனில் பேசும். யார் எங்கிருந்து பேசுகிறார் என்று தெரியாது. அதனால் புலத்தைச் சமமாக்குவதே ஆய்வாளரின் பெருமுயற்சியாக இருந்தது. அமெரிக்காவில் போல் லோட்டர்பர் அதற்கு மாறாக எண்ணினார். புலத்தை ஒருபுறம் வலிதாகவும் மறுபுறம் மெலிதாகவும் வேண்டுமென்றே சரித்தால், ஒவ்வோரிடத்துக் கருவும் தன் இடத்துக்குரிய மீடிறனில் பேசும். மீடிறனைக் கேட்டே இடத்தை அறியலாம். நீர் நிறைந்த இரு மெல்லிய கண்ணாடிக் குழாய்களின் படத்தை அவர் 1973இல் வெளியிட்டார். இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் பீற்றர் மான்ஸ்பீல்டும் இத்துறையை வளர்த்தார். இருவரும் 2003இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர். இன்று மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. என்று வழங்கும் பரிசோதனை இதிலிருந்தே தோன்றியது. முதன்முதலில் படமாகியது மனித உடலன்று. கண்ணாடிக்குள் இருந்த நீர் என்பது நினைவில் நிற்கத்தக்கது.

உலரும் பொருள்கள் இதன் பின்னரே தம் உள்ளத்தைத் திறந்தன. இல்லினோய் பல்கலைக்கழகத்தில் சொங், லிச்பீல்ட் என்போர், சோளக் கதிர் ஒன்று உலருகையில் அதனுள்ளே நீர் பரந்திருக்கும் தன்மையைப் படமாக்கி 1990இல் வெளியிட்டனர். மருத்துவமனைப் பொறி செங்கல்லைப் போன்ற வன்பொருள்களுக்கு ஏற்றதன்று; நுண்துளைகளில் அகப்பட்ட நீரின் குரல் அப்பொறி கேட்கத் தொடங்குமுன்னரே அடங்கிவிடும். அதற்கென நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தனிக் கருவிகள் அமைந்தன. அங்கே லியோ பெல்லும் அவர் தோழரும் 1990களில் உலரும் செங்கல்லைப் பார்த்தபோது, ஷெர்வூட் தராசினால் ஊகித்தவை கண்முன்னே தோன்றின. முதலில் செங்கல் முழுவதும் ஏறத்தாழச் சமமாக நீரை இழந்தது. பின்னர் உலர்ந்த பகுதிக்கும் ஈரப் பகுதிக்கும் இடையே ஓர் எல்லை தோன்றி, மெல்ல உள்ளே பின்வாங்கிச் சென்றது. சோடியத்தின் கருவும் காந்தத்துக்கு மறுமொழி கூறுமாதலால், நீரோடு உப்பு எங்கே செல்கிறது என்பதையும் அவர்களால் பின்தொடர முடிந்தது. வெள்ளவத்தைச் சுவரின் புதிர் அங்கே ஒரு செங்கற்றுண்டில் விடுவிக்கப்பட்டது எனலாம்.

பொருளைக் காந்தத்தினுள் வைக்க இயலாதவிடத்துக் காந்தத்தைப் பொருளிடம் கொண்டுசெல்லலாம் என்னும் எண்ணமும் நிறைவேறிற்று. ஜேர்மனியின் ஆகன் நகரில் பேண்ஹாட் புளூமிக்கும் அவர் குழுவினரும், ஒருபுறம் திறந்த சிறு காந்தமொன்றை 1996இல் அமைத்தனர். அதைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, மேற்பரப்புக்குக் கீழே சில மில்லிமீற்றர் ஆழத்தின் ஈரத்தை அறியலாம். பழைய சுவரோவியங்களையும் கட்டடங்களையும் கீறாமல் சோதிக்க இவ்வகைக் கருவிகள் பயன்பட்டன. பூச்சு மை உலரும் படலத்தையே அடுக்கடுக்காகக் காணும் காந்தமொன்றை இங்கிலாந்தின் சறே பல்கலைக்கழகத்தார் 1999இல் அமைத்தனர்.

இத்தகைய கருவிகள் விலை மிக்கவை. கொட்டாஞ்சேனைக் கிட்டங்கி ஒவ்வொன்றிலும் காந்தம் வைப்பதென்பது நடவாத காரியம். வைக்க வேண்டிய அவசியமுமில்லை. ஓரிடத்தில் ஒருமுறை தெளிவாகக் கண்ட உண்மை, கருவியே இல்லாத பல இடங்களுக்கும் வழிகாட்டும். நெல்லை ஒரே மூச்சில் சுடுகாற்றில் உலர்த்தினால், தோலுக்கும் நடுவுக்குமிடையே ஈரம் வேறுபட்டு மணி வெடிக்கிறது. குற்றும்போது அரிசி குறுணையாகிறது. ஆதலின் சிறிது உலர்த்தி, சில மணி நேரம் குவித்து ஆறவிட்டு, உள்ளீரம் வெளியே பரவிய பின் மீண்டும் உலர்த்துவதே நன்று. இதற்குக் காந்தம் வேண்டியதில்லை, பொறுமை போதும். கொப்பறாவுக்கும் அடுப்பின் முதல் வேகத்தைவிட இறுதி நிதானமே முக்கியம். உப்பேறிய சுவரைச் சீமெந்தினாலும் நீர்புகாப் பூச்சினாலும் அவசரமாக மூடுபவர், நீரின் எல்லையைச் சாந்துக்குப் பின்னே தள்ளி, அழிவையும் அங்கேயே தள்ளுகிறார். மூச்சுவிடும் சுண்ணச் சாந்தும், உலருவதற்குத் தரும் அவகாசமும் அச்சுவரைக் காக்கும். கையடக்கமான மலிவான ஈரமானிகளும், நம்பத்தக்க முறைகளோடு ஒப்பிட்டுத் திருத்தப்பெற்றால், சந்தையில் நேர்மையான சாட்சிகளாகும்.

பழைய வியாபாரியின் விரலும் இதனால் மதிப்பிழந்துவிடவில்லை. கொப்பறா ஒடியும் ஓசையில் அவர் கேட்டது, துண்டின் நடுவில் நீர் உண்டா என்னும் செய்தியையே. காந்தமும் அதே செய்தியையே வானொலி அலையிற் கேட்கிறது. வேறுபாடு ஒன்று உண்டு. விரல் சொன்னதை விரலுக்குரியவர் மட்டுமே அறிவார். அவர் சொல்லை மற்றவர் நம்பியாக வேண்டும். அளவுகோல் சொன்னதையோ விற்பவரும் வாங்குபவரும் ஒருங்கே பார்க்கலாம். இறப்பர்த் தகட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இருவரும் ஒரே புள்ளியைக் கண்டார்களே, அந்த நேர்மை தேயிலைக்கும் கொப்பறாவுக்கும் நெல்லுக்கும் சுவருக்கும் கிட்டுமாயின், வெயிலில் பரப்பி, மழைக்கு அள்ளி, மறுபடி பரப்பிக் காயவைத்தவரின் உழைப்பு நீரென்று கழிக்கப்படாது நிற்கும்.